மணமகன் உடுத்தது என்ன?



மணமகளின் கூறையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஓர் இரவு போதாது. மணமகன் என்ன உடுத்தினான் என்று கேட்டாலோ நம் இலக்கியம் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

பழந்தமிழர் மணவிழாவை விரிவாகக் காட்டும் பாட்டுகள் அகநானூற்றில் இரண்டு: நல்லாவூர் கிழாரின் 86ஆம் பாட்டு, விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாட்டு. பந்தல் உண்டு, பரப்பிய மணல் உண்டு, விளக்கு உண்டு. ஒன்றில் உழுந்து சேர்ந்த பொங்கல், மற்றொன்றில் இறைச்சிச் சோறு. மணமகள் புத்தாடைக்குள் ஒடுங்குகிறாள். இரண்டாம் பாட்டில் அவ்வாடையே அவளுக்கு வியர்வையைத் தருகிறது. மணமகன் உடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. காரணம் எளியது. இரு பாட்டிலும் பேசுகிறவன் அவனே. எதிரே இருப்பவளைக் காண்கிறவன் தன் அரைத்துணியையா பார்த்துக்கொண்டிருப்பான்?

சிலம்பில் பேசுகிறவர் இளங்கோ. நீல விதானத்தையும் முத்துப் பந்தரையும் தீவலத்தையும் காட்டுகின்ற அவர், பதினாறு ஆண்டினனாகிய கோவலன் உடுத்தது இன்னதென்று சொன்னாரில்லை. கம்பர் கடிமணப் படலத்தில் இராமனுக்கு அணிபூட்டி அழகு பார்க்கிறார். அது சக்கரவர்த்தித் திருமகனின் கோலம்; ஊரார் வீட்டுப் பிள்ளையின் கோலம் அன்று.

ஏட்டில் இல்லாதது சடங்கில் இருக்கிறது. கொங்கு நாட்டுத் திருமணத்தில் மணமகன் தலையில் உருமால் கட்டுவது தனியொரு சீர். அங்கே மங்கல வாழ்த்தைப் பாடுகிறவர் புலவர் அல்லர், நாவிதர். அப்பாட்டைக் கம்பர் இயற்றினார் என்பது வழிவழிச் செய்தி. அதை ஆராய்வது இப்போது என் வேலையன்று. நான் கருதுவது வேறு: மணமகனுக்கு முகம் மழித்து, அவனைக் கோலங்கொள்ளச் செய்தவர் வாயில்தான் கல்யாணச் சீர்களின் வரிசை முழுவதும் நின்றிருக்கிறது. புலவர் விட்டதை அவர் விடவில்லை.

அந்தணர் வீட்டில் பஞ்சகச்சம் இதே வேலையைச் செய்கிறது. பிரமசாரிக்கு அது இல்லை. மணநாள் முதல் உண்டு. குடையும் விசிறியும் ஏந்திக் காசிக்குப் புறப்படுகிற பிள்ளையை மறித்து அழைத்து வருவது விளையாட்டு; கச்சம் விளையாட்டன்று. யாழ்ப்பாணத்திலோ மாப்பிள்ளைக்கும் தோழனுக்கும் தலைப்பாகை இன்றி மணவறை இல்லை.

'உருமால்' என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். பாரசீக 'ரூமால்' அது. முகம் துடைக்கும் துணி. நம் பழஞ்சீரின் நடுவே, பிறர் தடுக்காமல், அது வந்து அமர்ந்துவிட்டது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதிப் புகைப்படங்களில் சரிகை வேட்டிக்கு மேல் ஐரோப்பியக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து நாற்காலியில் விறைப்பாக வீற்றிருக்கும் மாப்பிள்ளைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். இன்று வடநாட்டுச் செர்வானி வந்திருக்கிறது. சிலர் சினக்கிறார்கள். எனக்குச் சினமில்லை. அதுவும் 19ஆம் நூற்றாண்டில் பழைய அங்கர்க்காவும் ஐரோப்பியக் கோட்டும் கலந்து பிறந்ததே. நம் தாத்தாக்களின் கோட்டுக்கு ஏறக்குறைய ஒருசாலை மாணாக்கன்.

என் கவலை வேறு. கூறை பெட்டிக்குள் போகிறது. பேத்தி காலம்வரை இருக்கிறது. மாப்பிள்ளையின் வேட்டியோ அடுத்த பண்டிகைக்கு, பிறகு அன்றாடத்துக்கு, பிறகு கிழிந்து கைத்துணிக்கு. சான்றாக எஞ்சுவது புகைப்படம் ஒன்றே. வீடு மாற்றும்போது முதலில் கழிவதும் அதுவே. சட்டத்தில் கறையான், பின்புறத்தில் பெயரில்லை, ஆண்டில்லை.

ஆகவே நம் வட்டம் பதினோராம் ஆண்டில் இதை ஏற்கலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மணப்படம் ஒன்றைக் கொணர்ந்து, ஊர், ஆண்டு, வேட்டியின் முழம், கரை, கோட்டு யாருடையது, இரவலா சொந்தமா, தலைப்பாகை கட்டியவர் யார் என்று எழுதித் தரவேண்டும். படியெடுத்தபின் படத்தை உரியவரிடமே திருப்பிவிடலாம். மங்கல வாழ்த்துப் பாடும் முதியவர் எவரையேனும் அறிந்தவர்கள் இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.