மூட்டு வலியா? ரத்தத்தையும் ஒருமுறை பாருங்கள்



பிரிக்பீல்ட்ஸில் மின்ரயில் நிலையப் படி ஏறினாலும், கிள்ளானில் சந்தைக்கு நடந்தாலும் முட்டி வலிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானம் அல்லது கவுட். ஆனால் அரிதாக, மூட்டு வீக்கம் ரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் வரலாம்.

ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. லியூகேமியா என்னும் ரத்தப் புற்றுநோயில் கெட்டுப்போன வெள்ளை அணுக்கள் அங்கே பெருகி நெருக்குவதால் எலும்பு வலிக்கிறது. சில சமயம் அவை மூட்டின் உட்சவ்விலும் புகுந்து வீக்கத்தை உண்டாக்குகின்றன.

தேய்மான வலி நடந்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். இந்த வலியோ இரவில் தூக்கத்தைக் கெடுக்கலாம்; வீக்கம் கொஞ்சமாக இருந்தாலும் வலி கடுமையாக இருக்கலாம். மூட்டு வலியோடு இவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்:

• காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல்
• முகம் வெளுப்பு, கடும் அசதி, மூச்சு வாங்குதல்
• அடிபடாமலே தோல் கன்றிப்போதல், ஈறில் ரத்தம் கசிதல்
• உடல் எடை குறைதல்
• கழுத்திலோ அக்குளிலோ கட்டி

ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். மூட்டு வலியோடு இதையும் சொல்லி, "முழு ரத்தப் பரிசோதனை செய்யலாமா, டாக்டர்?" என்று கேளுங்கள். தொடக்கத்தில் ரத்த முடிவு சரியாகவே இருக்கலாம். வலி தீராவிட்டால் மறுபடியும் போங்கள். தேவைப்பட்டால் டாக்டரே உங்களை ரத்தநோய் நிபுணரிடம் அனுப்புவார். அம்பாங் மருத்துவமனையில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. "மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து" என்று விற்கப்படும் சில மாத்திரைகளிலும் ஜாமுவிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று குறைக்கும். அதோடு ரத்தப் புற்றுநோயின் அடையாளங்களையும் கொஞ்ச நாள் மறைத்துவிடும். நோய் உள்ளே வளரும். வாங்குமுன் பெட்டியில் எம்.ஏ.எல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். பெட்டியோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களும் கவனியுங்கள். ரத்தப் புற்றுநோயில் எலும்பு, மூட்டு வலி பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளுக்கே அதிகம் வரும். பிள்ளை நொண்டினாலோ, இரவில் கால் வலித்து அழுதாலோ, காய்ச்சலும் சேர்ந்தாலோ "வளர்கிற வலி" என்று விட்டுவிடாதீர்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் பொறுக்க வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சையையும் சீக்கிரம் தொடங்கலாம்.