ஆங்கிலத்தில் நிபந்தனை வாக்கியங்கள்
(கந்தப்பளையில் நமது வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இலக்கணம் என்றதும் முகஞ் சுளிப்போர் பலர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு சிறு சம்பவத்தைக் கூறினால், இப்பொருளை நாம் ஏன் எடுத்துக்கொண்டோம் என்பது தங்களுக்கு விளங்கும்.

கொழுந்தெடுக்கும் தாய் ஒருத்தியின் மகன் உயர்தரப் பரீட்சையில் தேறி, கொழும்பில் ஓர் அலுவலகத்துக்கு மனுச் செய்தார். வேலை தருவதாகக் கடிதம் வந்தது. அதன் கடைசி வரி இது: ‘ஷுட் வீ நொட் ஹியர் ஃப்ரொம் யூ பிஃபோர் த ஃபிஃப்டீன்த், த ஒஃபர் வில் பீ வித்ட்ரோன்.’ ‘ஷுட் நொட்’ என்றால் ‘கூடாது’ என்றே அவர் கற்றிருந்தார். ஆகவே, 15ஆந் திகதிக்கு முன் எழுதக் கூடாது, முந்திக்கொண்டு எழுதினால் வேலை போய்விடும் என்று பொருள் கொண்டார். 16ஆந் திகதி பதில் எழுதினார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர். ‘ஷுட்’ என்பதற்கு அந்த ஒரு பொருளை மட்டும் கரும்பலகையில் எழுதியது நமது கையேதான். அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று பேசுகிறோம்.

தமிழில் நிபந்தனையைக் காட்ட ‘ஆல்’ என்ற விகுதி இருக்கிறது. நிபந்தனைப் பொருளைத் தொல்காப்பியர் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சமாக வைத்தார். ‘பெய்தால்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘பெய்த்’ என்பது இறந்தகால அடி. ஆனால் ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். இறந்தகால உருவம் எப்போதும் இறந்தகாலப் பொருளையே தரும் என்பதில்லை. இது மனத்திற் பதிந்தால் ஆங்கிலத்தில் பாதிக் கஷ்டம் தீரும்.

ஆங்கிலத்தில் மூன்று படிகள் உண்டு. முதற்படி நடக்கக் கூடியது: ‘இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் ஸ்டே அட் ஹோம்.’ இங்கே ‘இஃப்’ பகுதியில் ‘வில்’ வராது. இரண்டாம் படி வெறுங் கற்பனை: ‘இஃப் ஐ வேர் த மனேஜர், ஐ வுட் ரிப்பேயர் த லைன் ரூம்ஸ்.’ நாம் துரையல்ல. ஆகவேதான் ‘வேர்’, ‘வுட்’ என்று வினை ஒரு காலம் பின்வாங்குகிறது. மூன்றாம் படி கைநழுவிப் போனது: ‘இஃப் ஹீ ஹாட் ரிப்ளைட் இன் டைம், ஹீ வுட் ஹேவ் கொட் த ஜொப்.’ அவர் உரிய காலத்தில் பதில் எழுதவுமில்லை, வேலை கிடைக்கவுமில்லை. தமிழில் ‘எழுதியிருந்தால் கிடைத்திருக்கும்’ என்பதற்கு இது அப்படியே பொருந்துகிறது. ‘இஃப்’ பகுதியிலும் ‘வுட் ஹேவ்’ போடுவதே நம் பிள்ளைகள் செய்யும் பெரும் பிழை.

இனி மேற்படிப்புக்குரியவை. ‘இஃப்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘ஹாட்’, ‘வேர்’, ‘ஷுட்’ ஆகிய மூன்றில் ஒன்றை எழுவாய்க்கு முன் நிறுத்துவது ஆங்கிலேயர் வழக்கம். கேள்வி போலத் தொடங்கி, கேள்விக்குறி இல்லாமல் முடிந்தால் அது நிபந்தனை என்று அறிக. ‘ஷுட் வீ நொட் ஹியர்’ என்றால் ‘உங்களிடமிருந்து பதில் வராவிட்டால்’ என்பதே பொருள். அவ்வாறே ‘அன்லெஸ்’ என்பதற்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ அடங்கியிருக்கிறது. அதனோடு மறுபடியும் ‘நொட்’ சேர்த்தால் பொருள் தலைகீழாகும். ‘ப்ரோவைடட் தட்’ என்றால், இன்னது நிறைவேறினால் மாத்திரமே என்று கொள்க.

இவை பரீட்சைக்கு மட்டும் உரியன என்று எண்ண வேண்டாம். மலையக மக்களின் தலைவிதியை எழுதியவையும் நிபந்தனை வாக்கியங்களே. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வசித்திருந்தால் மனுச் செய்யலாம் என்றது. மனுக் கொடுக்கும் கெடு 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதி. லயத்து அறையில் பத்திரம் ஏது, ரசீது ஏது? ‘இடைவிடாது’ என்ற ஒரு சொல்லை நிரூபிக்க முடியாமல் நின்றவர் எத்தனை பேர்! பின்னர், 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரின் கணக்கு 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர் என்ற நிலை நீங்க வழி செய்தது.

இதனை ஒரே வாக்கியத்தில் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு கலப்பு அமைப்பு இருக்கிறது. நிபந்தனை இறந்தகாலம், விளைவு நிகழ்காலம்: ‘ஹாட் மை கிராண்ட்ஃபாதர் கெப்ட் த பேப்பர்ஸ், மை அங்கிள் வுட் பீ ஹியர் டுடே.’ பாட்டன் பத்திரங்களைப் பத்திரப்படுத்தியிருந்தால், மாமன் இன்று இங்கே இருப்பார். இப்படிச் சொல்லக் கூடிய குடும்பங்கள் மலையகத்தில் எத்தனையோ உண்டு.

ஆங்கிலம் நமக்கு எட்டாத மொழியன்று. மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், தேயிலைத் தோட்டத்து மக்களின் வாழ்வை அம்மொழியிலேயே கவிதையாகப் பாடினார்.

ஆகவே வாலிபர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்துப் பெரியவர் எவருக்காவது ஆங்கிலக் கடிதமோ படிவமோ வந்தால், நீங்களே சென்று வாசித்துக் கொடுங்கள். கையொப்பமிடுமுன் அதிலுள்ள நிபந்தனை எது, விளைவு எது, கெடு எது என்று மூன்றையும் தேடுங்கள். ஐயமிருந்தால் வெட்கப்படாமல் இன்னொருவரிடம் கேளுங்கள். பெரியோர்களே, தாங்களும் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

‘ஹாட்’ என்று தொடங்கும் வாக்கியங்களை நம் முன்னோர் போதிய அளவு சொல்லிவிட்டார்கள். நமது பிள்ளைகள் முதற்படி வாக்கியத்தையே சொல்லட்டும்: ‘இஃப் வீ லேர்ன், வீ வில் நொட் பீ சீட்டட்.’ கற்றால், ஏமாறமாட்டோம்.