வான்கப்பலின் உறையும் நம் தறிகளும்



2025 மே 3 அன்று மத்தியப் பிரதேசத்தின் சியோப்பூரிலிருந்து ஒரு வான்கப்பல் மேலெழுந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆக்ரா ஆய்வகம் ஏ.டி.ஆர்.டி.இ. உருவாக்கியது அது. கருவிகளைச் சுமந்து ஏறத்தாழ 17 கி.மீ. உயரம் சென்றது, 62 நிமிடம் பறந்தது. உறையின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பும், அவசரத்தில் வாயுவை வெளியேற்றும் அமைப்பும் அப்போது சோதிக்கப்பட்டன. இதைப் பற்றிப் பேசும் மாநாட்டுக்காகக் காவிரிக் கரையில் உள்ள பரமத்தி வேலூரில் ஏன் கூடினோம்? இந்தக் கலத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அதன் துணியில் இருக்கின்றன. துணி நம் வட்டாரத்தின் தொழில். நான் வற்புறுத்த வந்தது இதைத்தான்.

தேவையை முதலில் பார்ப்போம். 1999இல் கார்கில் ஊடுருவல் உரிய காலத்தில் நமக்குத் தெரியவில்லை. அதை ஆராய்ந்த குழுவின் தலைவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம். நம் கண்காணிப்பில் இருந்த குறைகளை அக்குழு வெளிப்படையாக எடுத்துரைத்தது. அந்தக் குறையைச் செயற்கைக்கோளால் மட்டும் நிரப்ப முடியாது. தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஓரிடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். புவிநிலைச் செயற்கைக்கோள் நிலையாக நிற்கும். ஆனால் 36,000 கி.மீ. தொலைவில். 20 கி.மீ. உயரத்தில் நிற்கும் வான்கப்பலுக்கோ சுற்றிலும் ஏறத்தாழ 500 கி.மீ. வரை அடிவானம் விரியும். ஒரே எல்லைப் பகுதியை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பழுதானால் தரையிறக்கிச் சரிசெய்யலாம்.

ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் ஏறத்தாழ 14இல் ஒரு பங்குதான். உறையில் நிரப்பும் ஹீலியம் தரையில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். அங்கே அதே அளவு 75 கிராம்தான் தூக்கும். உறை, சூரியத் தகடு, பேட்டரி எல்லாம் சேர்ந்த ஒரு டன் எடைக்கு ஏறத்தாழ 13,000 கன மீட்டர் ஹீலியம் வேண்டும். எனவே துணியில் கூடும் ஒவ்வொரு கிராமும் கலத்தையே பெரிதாக்கிவிடும். அந்த மெல்லிய உறை ஹீலியத்தைக் கசியவிடக் கூடாது. புற ஊதாக் கதிரையும் ஓசோனையும் தாங்க வேண்டும். பகல் வெப்பத்தில் வாயு விரியும்போது கிழியவும் கூடாது. ஏறும் வழியிலும் சோதனை உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, சுமார் 15 கி.மீ. உயரத்தில், கீழை ஜெட் காற்று மணிக்கு 100 கி.மீ.க்கும் மிகுந்த வேகத்தில் வீசும். அதை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம்.

வளம் மிக்க நாடுகளுக்கும் இது எளிதாக இல்லை. 2011 ஜூலையில் அமெரிக்காவின் ஹேல்-டி வான்கப்பல் 60,000 அடியை இலக்காகக் கொண்டு புறப்பட்டது; 32,000 அடியில் கோளாறு நேர்ந்து இறக்கப்பட்டது. 2015 அக்டோபரில் மேரிலாந்தில் கட்டியிருந்த அந்நாட்டின் கண்காணிப்பு பலூன் ஒன்று அறுத்துக்கொண்டு பென்சில்வேனியா வரை மிதந்து போய், வழியில் மின்கம்பிகளைச் சேதப்படுத்தியது.

வலிமை தரும் நெசவு, வாயுவைத் தடுக்கும் படலம், வெயிலைத் தாங்கும் மேற்பூச்சு எனப் பல அடுக்குகள் ஒட்டியதே இந்த உறை. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி ஓடுகிறது. காவிரிக்கு அக்கரையில் கரூர், வீட்டுத் துணிகளை உலகுக்கு அனுப்புகிறது. பாலி எத்திலீன் இழையில் கொசுவலையும் நெய்கிறது. 2019இல் திருச்சியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு மையம். கொசுவலையிலிருந்து வான்கப்பல் உறைக்கு ஒரே தாவலில் போக முடியாது. இழையறிவு இங்கே இருக்கிறது. படலம் ஒட்டும் நுட்பமும், கசிவையும் தையல் இணைப்பின் வலிமையையும் அளக்கும் ஆய்வகமும் இன்னும் வர வேண்டும்.

மற்றொன்றையும் உறுதியாகச் சொல்கிறேன். எல்லையைப் பார்க்கும் கருவியால் ஊரையும் பார்க்க முடியும். அதன் பார்வை எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்க வேண்டும். அந்த விவாதத்துக்கும் இம்மாநாடு இடம் தர வேண்டும்.

மாணவர்களே, உறைத் துணியை உங்கள் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை உரிமையாளர்களே, அவர்களுக்கு ஒரு தறியை ஒதுக்கிக் கொடுங்கள். அரசு இந்த வட்டாரத்தில் ஒரு சோதனைக்கூடம் அமைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவு அமர்வில் நிறைவேற்றும்படி உங்கள் அனைவரையும் வேண்டி, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.