சோதனைக்கும் ஒரு சோதனை வேண்டும்

(கவரைப்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குப் புதியதாக இருக்கலாம். ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குத் தினம் வேலைக்குப் போய்வருகிறவர்களும், பிளாஸ்டிக் புட்டியில் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்களும், வயலுக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவர்களும் நிறைந்த இந்த ஊரில், இது நமக்குச் சம்பந்தமில்லாதது என்று யாரும் சொல்லிவிட முடியாது. விஷயம் இதுதான்: ஒரு ரசாயனப் பொருள் நம் உடம்பின் ஹார்மோன்களைக் கெடுக்குமா கெடுக்காதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்ததாகச் சொல்லுகிறவர்களை எப்படி நம்புவது?

ஹார்மோன் என்பது உடம்பிலுள்ள சுரப்பிகள் இரத்தத்தில் விடுகிற ஒரு சரக்கு. மிக மிகச் சொற்ப அளவில்தான் சுரக்கும். ஆனால் பிள்ளை வளர்வதும், பெண் பருவமடைவதும், ஆணுக்கு மீசை முளைப்பதும், கரு தங்குவதும் அதனால்தான். உயிரணுவில் அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. ஹார்மோன் அதற்குச் சாவி. சில ரசாயனங்கள் கள்ளச்சாவி போல அந்தப் பூட்டைத் திறந்துவிடுகின்றன. சில, பூட்டுக்குள் சிக்கிக்கொண்டு உண்மைச் சாவியையே நுழையவிடாமல் செய்கின்றன.

இதனால் என்ன கெடுதி வந்துவிடும் என்று கேட்பீர்கள். 1938ல் இங்கிலாந்தில் டயெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கைப் பெண் ஹார்மோனைச் செய்தார்கள். கருச் சிதையாமலிருக்க என்று அமெரிக்காவில் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953ல் சிக்காகோவில் ஒரு பாதிப் பேருக்கு மருந்தையும் மற்றப் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்ததில், மருந்தினால் ஒரு பலனுமில்லை என்று ருஜுவாயிற்று. அப்படியும் நிறுத்தினார்களா? இல்லை. பெரிய டாக்டர் எழுதுகிறார், அதனால் சரியாகத்தானிருக்கும் என்று இன்னும் பதினெட்டு வருஷம் விழுங்கினார்கள். 1971ல் அந்தத் தாய்மார் பெற்ற பெண்மக்களில் சிலருக்கு, இளம் வயதிலேயே, அரிதான ஒரு புற்றுநோய் கண்டது. மருந்தைத் தின்றவள் தாய், தண்டனை மகளுக்கு! இதை முன்ஜன்ம வினை என்று சொல்லுவதா, சோதனையை மதிக்காத குற்றம் என்று சொல்லுவதா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்து மலையாள நாட்டைப் பாருங்கள். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000ம் வருஷம் வரையில் எண்டோசல்பானை வானத்திலிருந்து தெளித்தார்கள். கெடுதி உண்டு என்று ஒரு சோதனை, இல்லை என்று ஒரு சோதனை, கமிட்டிக்குமேல் கமிட்டி. 2003ல் வெளியான ஆராய்ச்சியில், மருந்து தெளித்த ஊரின் 117 பையன்களை வேறு ஊரின் 90 பையன்களோடு ஒப்பிட்டபோது, அவர்கள் பருவமடைவது பிந்துவதாகத் தெரிந்தது. 2011ல்தான் சுப்ரீம் கோர்ட்டு அம்மருந்தைத் தடுத்தது. பிள்ளைகளின் உடம்பையே சோதனைக் குழாயாக வைத்துக்கொண்டு அத்தனை வருஷம் காத்திருந்தோம். பொருள் ஊருக்குள் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழியில்லையா?

வழி இருக்கிறது. அதுவும் ஒரு விபத்தினால் கிடைத்ததுதான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் என்ற இருவர் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களை வளர்த்து ஆராய்ந்துவந்தார்கள். பெண் ஹார்மோன் ஊற்றினால்தான் அவை பெருகும். ஒருநாள் ஒன்றும் ஊற்றாமலே பெருக ஆரம்பித்தன! மந்திரமா, மாயமா? அவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில், குற்றவாளி பிளாஸ்டிக் குழாய் என்று தெரிந்தது. குழாய் செய்தவர்கள் சரக்கின் சேர்மானத்தை மாற்றியிருந்தார்கள். என்ன சேர்த்தார்கள் என்பதைத் தொழில் ரகசியம் என்று சொல்ல மறுத்தார்கள். இவர்களே பிரித்தெடுத்து, அது நோனைல்பீனால் என்று 1991ல் வெளியிட்டார்கள். ஆகவே உயிரணு காட்டிக் கொடுக்கும் என்பது தெரிந்தது.

இப்பொழுது இதைவிடத் தெளிவான முறை வந்திருக்கிறது. மனித உயிரணுவில் மின்மினிப் பூச்சியின் ஒளி தரும் மரபுக்கூற்றைச் சேர்த்துவிடுகிறார்கள். கள்ளச்சாவி பூட்டைத் திறந்தால் அணு மின்னும், இல்லையென்றால் மின்னாது. ஜப்பானில் உருவான இப்படிப்பட்ட ஒரு முறையை ஓ.ஈ.சி.டி. என்னும் பல தேசச் சங்கம் 2009ல் 455வது வழிகாட்டியாக ஏற்றது. அதற்குப் பயன்படும் உயிரணு, 1951ல் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பெண்ணின் உடம்பிலிருந்து அவரைக் கேட்காமலே எடுத்த அணுவின் வம்சம். உலகமெல்லாம் பயனடைகிறது, அந்தத் தாயின் சம்மதம் மாத்திரம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை!

தோழர்களே! இனிமேல்தான் முக்கியமான சங்கதி. மின்னிற்று என்று ஒருவர் சொன்னால் நாம் நம்பிவிடலாமா? கடைக்காரன் தராசைப் பார்க்கிறோம். அதற்குச் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல் சோதனைக்கும் முத்திரை வேண்டும். எப்படி முத்திரை போடுகிறார்கள்? குணம் முன்பே தெரிந்த சரக்குகளை எடுத்துக்கொள்ளுகிறார்கள்: பலமானது ஒன்று, மெலிந்தது ஒன்று, மிக மெலிந்தது ஒன்று, ஒன்றுமே செய்யாதது ஒன்று. மேலும் பல சரக்குகளைப் பெயரை மறைத்து, எண் மாத்திரம் போட்டு, வெவ்வேறு சோதனைச்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். எல்லாரும் ஒரே முடிவைச் சொல்லுகிறார்களா? அதே ஆள் மறுபடி செய்தால் அதே முடிவு வருகிறதா? கெட்டதை நல்லதென்று எத்தனை தடவை சொல்லுகிறது, நல்லதைக் கெட்டதென்று எத்தனை தடவை சொல்லுகிறது? இத்தனையிலும் தேறினால்தான் முத்திரை.

இது வீண் சிரமம் என்று நினைக்காதீர்கள். 1996ல் அமெரிக்காவில் டுலேன் பல்கலைக்கழகத்தார், இரண்டு பூச்சி மருந்துகளைச் சேர்த்தால் ஹார்மோன் வீரியம் நூற்றுக்கணக்கான மடங்கு ஏறுகிறது என்று பெரிய விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார்கள். கள்ளைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட் இருக்கிறதே, அதைக்கொண்டு செய்த சோதனை. உலகமே நடுங்கிற்று. மற்றவர்கள் செய்து பார்த்தார்கள், வரவில்லை. 1997ல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதில் ஒருவர் முறைகேடு செய்தார் என்று 2001ல் சர்க்கார் விசாரணையும் முடிவு கூறிற்று. பத்திரிகை பெரியது, படிப்பு பெரியது, பட்டம் பெரியது. ஆனால் பிறர் கையில் வராதது உண்மையாகாது. தவறென்று தெரிந்ததும் வாபஸ் வாங்குகிற வழக்கம் விஞ்ஞானத்திற்கு உண்டு. ஆயிரம் வருஷப் புளுகில் ஒரு வரியையாவது நம் சாஸ்திரக்காரர்கள் வாபஸ் வாங்கியதுண்டா?

இன்னொன்று. முன்பு சொன்ன மார்பகப் புற்றுநோய் அணுவை ஒரே இடத்தில், ஒரே தொகுதியில் வாங்கிய இரண்டு சோதனைச்சாலைகளில் வெவ்வேறு முடிவு வந்தது. காரணம் தேடினால், உறைய வைத்த அந்தத் தொகுதிக்குள்ளேயே மரபுக்கூற்றில் வித்தியாசம் இருந்ததாக 2016ல் எழுதினார்கள். ஒரே மூட்டை விதை நெல்லில் இரண்டு ரகம் கலந்திருந்தால் எப்படியோ அப்படி!

அன்றியும், செத்த அணு மின்னாது. சரக்கு அணுவையே கொன்றுவிட்டால் "மின்னவில்லை, ஆகையால் குற்றமில்லை" என்று எழுதிவிடக் கூடாது. மெதாக்சிகுளோர் என்ற பூச்சி மருந்து கல்லீரலில் மாறின பிறகே நன்றாக வேலை காட்டும். கிண்ணத்தில் கல்லீரல் ஏது? ஆகவேதான் அமெரிக்கச் சர்க்கார் 2015ல் ஒரு சோதனையை நம்பாமல் 18 விதச் சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு முதலாளிமார் ஒரு தந்திரம் செய்வார்கள். "சோதனைக்கே இன்னும் முத்திரை விழவில்லை, ஆகையால் எங்கள் சரக்கை ஒன்றும் சொல்லக் கூடாது" என்பார்கள். அமெரிக்காவில் 1996ல் சட்டம் செய்தார்கள். கம்பெனிகளுக்குச் சோதனை உத்தரவு போனது 2009ல். பதின்மூன்று வருஷம்! அதுவரையில் விற்பனை நின்றதா? தராசுக்கு முத்திரை போடும் வரையில் கடையை மூடு என்றால் நியாயம். முத்திரையில்லாத தராசில் விற்றுக்கொண்டே இரு என்றால் எந்த ஊர் நியாயம்? முழு ருஜு வருமுன் குழந்தையைக் காப்பாற்றுவது தவறாகாது. நம் தேசத்திலேயே 2015ல் பாலிகார்பனேட் பால்புட்டி கூடாது என்று தரவிதி செய்துவிட்டார்களே!

சோதனையில் மின்னிற்று என்றால் ஊரே விஷம் என்று அலறவும் வேண்டாம். மின்னவில்லை என்ற காகிதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். ஆலைக்காரரோ, அதிகாரியோ, நம்முடைய சிநேகிதரோ சர்டிபிகேட்டை நீட்டினால் கேளுங்கள்: எந்தச் சோதனை? எத்தனை இடத்தில் செய்து ஒத்துவந்தது? பெயரை மறைத்துச் செய்தார்களா? அணு உயிரோடிருந்ததா? பணம் கொடுத்தது யார்? இந்தியா 2011லேயே சோதனை முடிவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. இங்கே முறைப்படி செய்ததை மற்ற நாடுகள் ஏற்கின்றன. அயலான் கேட்டால் காட்டுகிற கணக்கைக் கவரைப்பேட்டைக்காரன் கேட்டால் ஏன் காட்டக் கூடாது?

இந்த அய்ந்து கேள்விகளைக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை, துணிவு போதும். என்னைப் பார்த்தும் அதே கேள்விகளைக் கேளுங்கள் என்று கூறி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.