தோல்வியறியாத வீட்டின் பிள்ளைகள்



புறநானூற்றின் எண்பதாம் பாட்டு ஒரு மற்போரைப் பற்றியது. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனைப் பொருது வென்று நிற்கிறான். பாடியவர் சாத்தந்தையார். ஒரு காலால் மார்பை அழுத்தி, மறு காலால் எதிரியின் சூழ்ச்சியைத் தடுக்கும் அந்தப் பிடியைப் புலவர் அருகில் நின்று பார்த்தவர் போலச் சொல்கிறார். உயர்தர வகுப்பில் இப்பாட்டைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் இந்தப் பிடியோடு நின்றுவிடுகிறார்கள். என் மனம் நிற்பது வேறோர் இடத்தில். கிள்ளியின் தந்தை தித்தன். அவனும் வெல்லற்கரிய வீரன். தந்தைக்கும் மகனுக்கும் பகை. மகன் வென்றதை அந்தத் தந்தை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒருமுறை வந்து காணவேண்டும் என்று புலவர் ஏங்குகிறார். மல்லன் விழுந்துவிட்டான். ஆனால், பார்க்கவேண்டிய கண் அங்கே இல்லை.

"இதெல்லாம் நடிப்புத்தானே, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவன் கேட்டது தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் வரும் அமெரிக்க மல்யுத்தத்தை நினைத்து. என் தந்தையாரின் காலத்து மனிதர்கள் கண்டித் தேநீர்க்கடைகளில் தாராசிங், கிங்கொங் என்று பேசினால் பேச்சு விடியும்வரை போகும். அவர்களும் இதே கேள்வியைக் கேட்டுச் சண்டை பிடித்தவர்கள்தாம். அம்மாணவனுக்கு நான் ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

காமா என்று உலகம் அறிந்த குலாம் முஹம்மத், 1878இல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் பிறந்தவர். தந்தையும் மல்லர், பிள்ளைக்கு ஆறு வயதளவிலேயே காலமாகிவிட்டார். தாய்வழிப் பாட்டனாரும் மாமனும் எடுத்து வளர்த்தார்கள். அவர்களும் கோதாவை விட்டால் வேறு உலகம் அறியாதவர்கள். பத்து வயதில், யோத்பூர் மன்னர் நடத்திய பஸ்கிப் போட்டியில் வளர்ந்த மல்லர்கள் நூற்றுக்கணக்கில் ஒவ்வொருவராகச் சோர்ந்து விலக, இந்தச் சிறுவன் கடைசிவரை நின்ற ஒரு சிலருள் ஒருவனானான். மன்னர் பரிசை அவனுக்கே கொடுத்தார். பின்னர் ததியா மன்னரின் ஆதரவு கிடைத்தது. பாலும் நெய்யும் பாதாமும் அரண்மனைச் செலவில் வந்தன. விடியற்காலைத் தண்டாலும் பஸ்கியும் மட்டும் அவருடைய சொந்தச் செலவு.

1910இல் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் லண்டன் போனார்கள். காமா உயரம் குறைந்தவர் என்று அங்கே போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். எந்த மூவரையும் முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்துவேன் என்று அவர் அறைகூவல் விடுத்தார். முதலில் அமெரிக்கரான டொக்டர் ரோலர் விழுந்தார். செப்டெம்பர் 10ஆம் திகதி போலந்து மல்லர் ஸ்பிஸ்கோ எதிரே வந்தார். வந்தவர் சிறிது நேரத்திலேயே பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார். பாரமான மனிதர்; புரட்ட முடியவில்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் அவர் படுத்தே கிடக்க, வென்றவர் இன்றிப் போட்டி முடிந்தது. ஒரு வாரம் கழித்து மீண்டும் மோத ஏற்பாடாயிற்று. அன்று ஸ்பிஸ்கோ வரவேயில்லை. 'ஜோன் புல்' பட்டி காமாவுக்குக் கிடைத்தது. அதே மாதத்தில் இமாம் பக்ஷ் சுவிற்சர்லாந்து மல்லர் லெம்மை வீழ்த்தினார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்தச் செய்தி இந்தியாவின் சந்தைகளிலும் புகையிரத நிலையங்களிலும் எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1928இல் பட்டியாலா மன்னர் ஸ்பிஸ்கோவை வரவழைத்தார். பதினெட்டு வருடத்துக் கணக்கு ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்தது. அப்போது காமாவுக்கு வயது ஐம்பதளவில்.

அந்தச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டியில் இருந்து பார்த்தால் ஒன்று விளங்கும். எசல பெரஹராவில் மேளம் அடிப்பவரும் ஆடுபவரும் தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்யும் குடும்பத்தவர். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியமும் ஒழிந்தது. ஆயினும் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய ஊழிய நிலங்கள் தப்பின. நிலம் இருந்தபடியால் மேளமும் இருந்தது. காமாவின் வீட்டுக்கு அப்படி ஒரு காணி இல்லை. இருந்தது மன்னர் தந்த படி. 1947க்குப் பின் சமஸ்தானங்கள் மறைந்தபோது அதுவும் மறைந்தது.

அந்த வருடம் குடும்பம் லாகூரில் குடியேறியது. பிரிவினைக் கலவரத்தின்போது காமா தம் தெருவில் இருந்த இந்துக்களுக்குக் காவலாக நின்றார் என்பார்கள். 1983 ஜூலையில் இந்நகரில் இருந்தவர்களுக்கு, தெருமுனையில் அப்படி ஒருவர் நிற்பதன் பெறுமதியை நான் விளக்கவேண்டியதில்லை.

வெளியே எவராலும் வீழ்த்த முடியாத அந்த மனிதருக்கு வீட்டுக்குள் விழுந்த அடிகள் வேறு. பிறந்த ஆண்பிள்ளைகள் ஐவரும் இளமையிலேயே இறந்தனர். கடைசி மகன் ஜலாலுத்தீன் 1945இல் பதின்மூன்று வயதில் போனபோது, சில நாட்கள் அவருக்குப் பேச்சே வரவில்லையாம். முதுமையில் நோயும் வறுமையும் சேர்ந்துகொண்டன. இந்தியாவிலிருந்து தொழிலதிபர் பிர்லா உதவித்தொகை அனுப்பினார். 1960 மே 23ஆம் திகதி காமா காலமானார். கடைசிவரை தோற்காதவர் என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அது யாருக்குப் போவது?

தம்பி இமாம் பக்ஷின் பிள்ளைகளுக்குப் போயிற்று. மூத்தவர் போலு, அஸ்லம், அக்ரம், அஸம், கோகா ஆகியோர் மற்றவர்களுள் சிலர். அரண்மனை இல்லாதபோது கோதாவை மக்களிடம் கொண்டுபோய்ச் சீட்டு விற்கத்தான் வேண்டும். சுவரொட்டிகளும் அறைகூவல்களும் வந்தன. போலு 1967இல் லண்டனில் ஹென்றி பெரியை வீழ்த்தி உலகப் பட்டம் சூடினார். ஆனால் வீட்டின் பெயர் ஏற ஏற, அதைக் காப்பாற்றும் செலவும் ஏறியது.

1976 ஜூனில் டோக்கியோவில் முஹம்மத் அலியோடு மோதியவர் யப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கி. அதே ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி அவர் கராச்சியில் அக்ரமோடு மோதினார். அக்ரம் அப்போது இளைஞர் அல்லர். காமாவின் வீட்டார் அழைப்புக்கு அஞ்சி ஒதுங்கினார்கள் என்ற சொல் வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். இனோக்கி கையை முறுக்கிப் பிடித்தார். அக்ரம் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கை போயிற்று. நடிப்பா என்று கேட்ட மாணவன் இந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை.

தோற்றவர் ஒருவர். ஆனால் கடன் வீட்டின் கணக்கில் ஏறிவிட்டது. அதைத் தீர்க்க அஸ்லமின் மகன் சுபைர், ஜாரா என்று செல்லமாக அழைக்கப்பட்டவன், தயாராக்கப்பட்டான். 1979 ஜூன் 17இல் லாகூர் கடாபி மைதானத்தில் இனோக்கியின் முன் நின்றபோது அவனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. எங்கள் பாடசாலைகளில் அந்த வயதில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பார்கள். ஐந்து சுற்றுகள் நடந்தன. யாரும் யாரையும் வீழ்த்தவில்லை. முடிவில் இனோக்கியே இளைஞனின் கையைப் பிடித்து உயர்த்தினார். மைதானம் அதிர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். வென்றது யார் என்ற விவாதத்தை விட்டுவிடுவோம்.

இரண்டு வருடங்களின் பின், 1981இல், குஜ்ரன்வாலாவில் நடந்த ஒரு காட்சிப் போட்டியில் கோகா அடிபட்டு இறந்தார். எதிரே நின்றவர் வேற்றார் அல்லர். அண்ணன் போலுவின் மகன். பகையும் இல்லை, பழியும் இல்லை. பார்வையாளருக்காக ஒரே வீட்டுச் சித்தப்பனும் மகனும் பிடித்த பிடி. அந்த மகன் அன்றிரவு வீட்டுக்குப் போய் யார் முகத்தில் விழித்திருப்பான்? போலு 1985இல் மறைந்தார். ஜாராவின் வாழ்வும் நீளவில்லை. போதைப்பழக்கம் அந்த உடலைத் தின்றது என்று பேசப்பட்டது. 1991 செப்டெம்பரில், முப்பது வயதளவில் இறந்தான். சித்தப்பனின் தோல்விக்கு ஈடுசெய்து முடித்தபின் தான் என்ன செய்வது என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

இது லாகூருக்கு மட்டும் உரிய கதையும் அன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜாக் அட்கிசன் என்பவர் ஃபொன் எரிக் என்ற புனைபெயரில், ஜேர்மனிய வில்லனாக வேடமிட்டு மல்யுத்தம் செய்தார். ஆறு ஆண்பிள்ளைகள். மூத்தவன் 1959இல் ஆறு வயதில் விபத்தில் இறந்தான். எஞ்சிய ஐவரும் தந்தையின் புனைபெயரையே சுமந்து மேடை ஏறினார்கள். டேவிட் 1984இல் யப்பானில் இறந்தார். மைக், கிறிஸ், கெரி மூவரும் 1987, 1991, 1993 ஆகிய ஆண்டுகளில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். கெவின் ஒருவரே எஞ்சினார். 2023இல் இது திரைப்படமாகவும் வந்தது. அங்கே தந்தை மேடையருகிலேயே நின்றார். தித்தனைப் போல வராமல் இருக்கவில்லை. அவர் சற்று விலகி நின்றிருந்தால் என்று எனக்குத் தோன்றியதுண்டு. பிள்ளை வெல்வதைத் தந்தை காணவேண்டும் என்று சாத்தந்தையார் ஏங்கியது நியாயம். ஆனால் பிள்ளை தோற்றாலும் காணச் சகிக்கும் தந்தை வேண்டும் என்று பாடிய புலவர் யாரென்று தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் நகரில் ரக்பிப் போட்டிக் காலத்தில் மைதான ஓரத்தில் நின்று பாருங்கள். தாம் ஒருகாலத்தில் தவறவிட்ட பந்தை மகன் பிடிக்கவேண்டும் என்று எத்தனை தந்தையர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள்! பெறுபேறு வெளிவரும் நாளில் என் வகுப்பறை வாசலிலும் அதே முகங்களைக் காண்கிறேன்.

இனோக்கி 2022இல் இறந்தார். அதற்கு எட்டு வருடங்கள் முன்னர், 2014இல், ஜாராவின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறுவனை அவர் தம் பொறுப்பில் யப்பானுக்கு அழைத்துப்போனார். பயிற்சியோடு படிப்பும் கொடுப்பதாக ஏற்பாடு. அக்ரமின் கையை முறித்த அதே மனிதர்தான்.