கீறலும் மெருகும்



லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கைக்கடிகாரத்திலும் ஒரு நாள் முதல் கீறல் விழத்தான் செய்கிறது. உலோகச் சங்கிலி உள்ள கடிகாரமென்றால், பெரும்பாலும் அது சங்கிலியின் பூட்டில் விழும். மணிக்கட்டின் அடிப்பக்கம் இருக்கும் அந்தப் பூட்டு, மேசையிலும் மடிக்கணினியின் விளிம்பிலும் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கிறது. கீறலைப் பார்த்ததும் மனசு பதறுகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பற்றியும், மெருகேற்றுவது என்ற நுட்பமான கைவேலையைப் பற்றியும் இன்று பேசுகிறேன்.

முதலில் கீறல் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். உயர்தரக் கடிகாரங்களின் கேஸ், அதாவது வெளிக்கூடு, பெரும்பாலும் 316எல் என்ற வகை எவர்சில்வரால் ஆனது. ரோலெக்ஸ் நிறுவனம் 904எல் என்ற வகையைப் பயன்படுத்துகிறது. இரண்டுமே துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் காற்றில் பறக்கும் தூசியில் கலந்திருக்கும் மணல் துகள் இந்த உலோகத்தைவிடக் கடினமானது. தூசி படிந்த கடிகாரத்தைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தாலே மெல்லிய கோடுகள் விழுந்துவிடும். 18 காரட் தங்கம் இன்னும் மென்மையானது. விலை கூடக் கூடக் கீறலைத் தாங்கும் சக்தியும் கூடும் என்று நினைத்தால், தங்கத்தின் விஷயத்தில் அது நேர்மாறு.

கண்ணாடியின் கதை வேறு. இன்றைய உயர்தரக் கடிகாரங்களில் செயற்கை நீலக்கல், அதாவது சஃபையர் கண்ணாடி இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, சஃபையருக்கு 9, மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 7. அதனால் சஃபையரில் கீறல் தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம். பல சமயம் அது கீறலாகவே இருக்காது. எங்கோ கதவுப் பிடியிலோ இரும்புக் கம்பியிலோ உரசும்போது அந்த மென்மையான உலோகம்தான் கண்ணாடியில் கோடாக ஒட்டிக்கொள்ளும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போய்விடும். சில கடிகாரங்களில் கண்ணாடியின் மேல்புறத்தில், வெளிச்சம் பிரதிபலிக்காமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு போட்டிருப்பார்கள். அந்தப் பூச்சில் மட்டும் கீறல் விழுந்திருக்கவும் கூடும். உண்மையிலேயே சஃபையர் கீறிவிட்டால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. பெரும்பாலும் கண்ணாடியை மாற்றுவதே வழி.

அக்ரிலிக் கண்ணாடி இதற்கு நேர் எதிர். 1965-இல் நாசா தன் விண்வெளி வீரர்களுக்காகத் தேர்ந்தெடுத்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது அக்ரிலிக்தான். 1969-இல் பஸ் ஆல்ட்ரின் கையில் அது நிலவுக்கே போனது. அக்ரிலிக்கில் சட்டென்று கீறல் விழும். ஆனால் உடைந்தால் சில்லுச்சில்லாகச் சிதறாது. எடையற்ற வெளியில் கண்ணாடிச் சில்லுகள் மிதந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் அப்பாவும் தாத்தாவும் கட்டிய எச்.எம்.டி. கடிகாரங்கள் பலவற்றிலும் இதே வகைக் கண்ணாடிதான். அக்ரிலிக்குக்கென்றே விற்கும் பசையைத் துளி வைத்து, மென்மையான துணியால் சில நிமிடம் தேய்த்தால் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். கீறலைப் பற்றிய கவலையை மிக எளிதாகத் தீர்த்துக்கொள்ளக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

சிக்கல் உலோகத்தில்தான். அதைப் புரிந்துகொள்ளக் கடிகாரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஆடமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்து 1972-இல் வெளிவந்தது. கண்ணாடியைச் சுற்றி எட்டுக்கோண வளையம், அதில் எட்டுத் திருகுகள். வளையத்தின் மேல்முகம் முழுவதும் ஒரே திசையில் ஓடும் மிக மெல்லிய கோடுகளால் மங்கலாக இழைக்கப்பட்டிருக்கும். அந்த மேல்முகம் பக்கச் சுவரைச் சந்திக்கும் இடத்தில், சரிவாகச் சீவிய ஒரு குறுகிய பட்டை மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும். கையை அசைத்தால் அந்தப் பட்டை ஒவ்வொரு கோணமாக மின்னி மின்னி அணையும். வெறும் எவர்சில்வரில் செய்த கடிகாரம் அன்றைக்குப் பல தங்கக் கடிகாரங்களைவிட அதிக விலைக்கு வந்தது. அந்த விலைக்கு ஒரு பெரிய காரணம் இந்த இழைப்பு வேலை.

ஜப்பானின் கிராண்ட் சைகோ கடிகாரங்களில் இதே அக்கறையை இன்னொரு விதமாகப் பார்க்கலாம். 1967-இல் வந்த 44ஜிஎஸ் மாதிரியிலிருந்து, தட்டையான முகங்கள், கூரான விளிம்புகள், அலையில்லாத பிரதிபலிப்பு என்பது அவர்களுடைய இலக்கணமாகவே ஆகிவிட்டது. அதற்கு அவர்கள் கையாளும் முறைக்குப் பெயர் ஸராட்சு. சுழலும் உலோகத் தட்டின் தட்டையான முகத்தில் கேஸைக் கையால் பிடித்து அழுத்துகிறார்கள். கோணம் மயிரிழை பிசகினாலும் முகம் வளைந்துவிடும், பிரதிபலிப்பு நெளிந்துவிடும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதைக் கைதான் அறியும். பல ஆண்டுப் பழக்கத்தில் வரும் கைத்திறன் அது.

இப்போது கடைக்காரர் சொன்ன பாலிஷுக்கு வருவோம். சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகு மெழுகைத் தடவி, கடிகாரத்தை அதன்மேல் பிடிப்பார்கள். பஃப் போடுவது என்று நகைப் பட்டறைகளில் சொல்வது இதைத்தான். கீறல் என்பது உலோகத்தில் விழுந்த ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை எந்தச் சக்கரமும் நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் உலோகம் முழுவதையும் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்குகிறது. ஒவ்வொரு மெருகுக்கும் கடிகாரத்தின் உடம்பிலிருந்து ஒரு படலம் கழிகிறது. அதுவும் துணிச் சக்கரம் மெத்தென்று இருப்பதால் தட்டையான இடத்தைவிட விளிம்பைத்தான் முதலில் தின்னும். சீவிய பட்டை மெலியும், பிறகு மறையும். ஸ்ட்ராப்பைத் தாங்கும் கால்கள், லக் என்பவை, ஒல்லியாகிவிடும். திருகுத் துளைகளின் ஓரம் சரியும். எழுத்துப் பொறிப்புகள் ஆழம் இழக்கும். அக்கறையில்லாமல் நாலைந்து முறை மெருகு போட்ட கடிகாரம் தேய்ந்த சோப்புக் கட்டிபோல் ஆகிவிடும். கீறல் ஒன்றுகூட இருக்காது, வடிவமும் இருக்காது.

பழைய கடிகாரம் சேகரிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பழைய ரோலெக்ஸ் சப்மரீனரைக் கையில் எடுத்தால் அவர்கள் முதலில் பார்ப்பது லக்கின் ஓரத்தில் சீவல் இன்னும் நிற்கிறதா என்பதைத்தான். மெருகே போடாத கேஸ், கீறலோடு இருந்தாலும், பளபளவென்று தேய்த்த கேஸைவிட அதிக விலை போகிறது. நடிகர் பால் நியூமன் ஆண்டுக்கணக்கில் கட்டிய ரோலெக்ஸ் டேட்டோனா, 2017-இல் நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. பெட்டிக்குள் பூட்டி வைத்த பொருளுக்கு அந்த விலை வரவில்லை. ஒரு மனிதர் கட்டிப் பழகிய பொருள் என்பதற்குத்தான் வந்தது.

அப்படியானால் கீறலே விழாத கடிகாரம் செய்ய யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். 1931-இல் பிறந்த ரிவர்ஸோ என்ற கடிகாரத்தின் மூலக்கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. இங்கே போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் ஆட்டத்தில் உடைந்துகொண்டே இருந்தன. அதற்கு விடையாக, முகத்தை அப்படியே உட்புறம் திருப்பி வைத்துக்கொள்ளும் கேஸ் உருவானது. அடியையும் கீறலையும் வெறும் உலோக முதுகு வாங்கிக்கொள்ளும். 1962-இல் ராடோ நிறுவனம் டங்ஸ்டன் கார்பைடு கொண்ட கடின உலோகத்தில் டயாஸ்டாரைக் கொண்டுவந்தது. இன்று பீங்கான் கேஸ்களும், கடினமாக்கிய டைட்டானியமும் வந்துவிட்டன. ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. பீங்கான் எளிதில் கீறாது, ஆனால் கல் தரையில் விழுந்தால் உடையலாம். கறுப்புப் பூச்சுப் போட்ட கேஸில் பூச்சே கீறிவிட்டால் மெருகு போட வழியில்லை. சாதாரண எஃகும் தங்கமும் கீறல் வாங்கினாலும் திருத்திக்கொள்ள இடம் தருகின்றன. அந்தக் குணத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, மெல்லிய கீறலை என்னதான் செய்வது? முதலில் கடிகாரத்தைக் கழுவுங்கள். தண்ணீர் புகாத கடிகாரம்தான், சாவிக் குமிழ் இறுக்கமாக மூடியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷால் தேய்த்து அலசுங்கள். கீறல் என்று நினைத்ததில் ஒரு பங்கு அழுக்காகவே போய்விடும். பிறகு நகத்தைக் கீறலின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் ஆழமான கீறல். அதை வீட்டில் தொடாதீர்கள். தட்டாவிட்டால் மெல்லியது.

பளபளப்பான இடத்தில் மெல்லிய கோடு என்றால், மெருகுப் பொருள் ஊறிய துணி விற்கிறது. அதைக் கொண்டு இதமாகத் தேய்க்கலாம். துணி கறுப்பாகும். அந்தக் கறுப்பில் உங்கள் கடிகாரத்தின் உலோகமும் கலந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அந்தத் துணி, கோடு இழைத்த மங்கலான பகுதியில் பட்டால் அந்த இழைப்பே அழிந்து திட்டுத்திட்டாகப் பளபளக்கும். பக்கத்துப் பகுதியை டேப் ஒட்டி மறைத்துக்கொள்வது முக்கியம்.

கோடு இழைத்த பூட்டுக்கு வேறு முறை. நைசான தேய்ப்புப் பட்டை வேண்டும். சமையலறைப் பச்சை நார் ஆகாது, அது முரடு. பூட்டின் ஒரு முனைக்கு வெளியிலிருந்து தொடங்கி, மறுமுனையைத் தாண்டும் வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பட்டையைத் தூக்கி, மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து, அதே திசையில் மீண்டும் இழுக்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கோடுகள் கோணலாகும்; நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் தழும்பாகத் தெரியும். பொறுமை உள்ளவர்கள் பூட்டில் மட்டும் இதைச் செய்யலாம். கேஸில் வேண்டாம்.

கேஸில் செய்தாக வேண்டும் என்றால் தேர்ந்த கையைத் தேடுங்கள். நல்ல பட்டறையில் கடிகாரத்தின் உள்ளே ஓடும் மெஷினை வெளியே எடுத்துவிடுவார்கள். கண்ணாடியையும் சாவிக் குமிழையும் கழற்றிவிட்டுத்தான் கேஸைத் தொடுவார்கள். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகச் சமன் செய்வார்கள். தேய்ந்துபோன விளிம்பில் அதே வகை உலோகத்தை லேசர் பற்றவைப்பால் சேர்த்து, மறுபடி செதுக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். முடிந்ததும் ரப்பர் வாஷர்களை மாற்றி, தண்ணீர் புகாமல் இருக்கிறதா என்று சோதித்துத் தருவார்கள். மெஷினோடு அப்படியே சக்கரத்தில் பிடிக்கும் கடையில் கொடுக்காதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மெருகு வேண்டாம் என்றால் அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கேட்காமலே பாலிஷ் போட்டுத் தருவது பல இடங்களில் வழக்கம்.

இந்தக் கலையில் எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: வேலை முடிந்த பின் விளிம்புகள் கூராக நிற்கின்றனவா? நின்றால் அவர் கலைஞர். பளபளப்பை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். கடிகாரத்தைச் செய்தவர் மனதில் இருந்த வடிவத்தைப் படித்து, அதை ஒரு நூலிழைகூடக் குலைக்காமல் கீறலை மட்டும் எடுப்பதற்குத்தான் பழக்கமும் பணிவும் வேண்டும். ஆகவே மெல்லிய கீறல்களை இருக்க விடுங்கள். அவை நூறு சேர்ந்தால் ஒன்றோடொன்று கலந்து, தனித்தனியாகக் கண்ணில் உறுத்துவது நின்றுவிடும். பத்து ஆண்டில் ஒரு முறை, கண்ணுக்கு உண்மையிலேயே உறுத்தும்போது, நல்ல கையில் கொடுங்கள். அதுவரை கடிகாரத்தைத் தாராளமாகக் கட்டுங்கள். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கும் நாளில், கீறல் இல்லாத கடிகாரத்தைவிட வடிவம் குலையாத கடிகாரத்தைக் கொடுப்பதே மேல்.