நடந்த சண்டையும் நடக்க விரும்பிய சண்டையும்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். என் மனைவிக்கும் அவ்வாறே இருந்தது. ஆனால் மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பழைய மாணவர் சிலருக்கு இதைத் தவிர வேறு பேச்சில்லை. நடந்து முடிந்த சண்டையைப் பற்றி அரைமணி நேரம் பேசினால், இனி யாரும் யாரும் மோதவேண்டும் என்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

நடந்து முடிந்ததில் வாதிட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிரம்ப இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் ரியாத் நகரில் உக்ரைன் வீரர் உசிக்கும் ஆங்கில வீரர் டைசன் ஃபியூரியும் மோதினர். 1999இல் லெனாக்ஸ் லூயிஸ் அடைந்த ஏகபோகப் பட்டம் கால் நூற்றாண்டுக்குப் பின் ஒருவர் கைக்கு வரவேண்டிய நாள் அது. பன்னிரண்டு சுற்றுகள் நடந்தன. மேடையைச் சுற்றி மூன்று பக்கங்களில் மூன்று மதிப்பீட்டாளர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் கண்ணுக்குத் தெளிவாகப் படும் குத்தினை மற்றொருவரிடமிருந்து வீரனுடைய முதுகே மறைத்துவிடும். சுற்றில் மேம்பட்டவருக்குப் பத்து மதிப்பெண், மற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பது, வீழ்த்தப்பட்டவருக்கு எட்டு. அன்று ஒருவர் உசிக்குக்கு 115–112 என்றும், இன்னொருவர் அவருக்கே 114–113 என்றும், மூன்றாமவர் ஃபியூரிக்கு 114–113 என்றும் எழுதினர்.

இங்கே ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஒன்பதாவது சுற்றில் ஃபியூரி நிலைகுலைந்து கயிற்றின்மேல் சாய்ந்தபோது நடுவர் இடையே புகுந்து எண்ணத் தொடங்கினார். அதனால் ஃபியூரி ஒரு மதிப்பெண்ணை இழந்தார். அந்த ஒன்று மட்டும் இழக்கப்படாதிருந்தால், இரண்டாமவர் தாளில் 114–114 என்று சமன் ஆகியிருக்கும். ஒருவர் உசிக்கையும் ஒருவர் ஃபியூரியையும் சொல்ல, சண்டையே சமனில் முடிந்திருக்கும்! நடுவர் ஃபியூரியின் வெற்றியைக் கெடுத்தார் என்பது திண்ணையில் ஒரு கட்சி. எண்ணுவதற்கு இடைவெளி தந்து அவரைக் காப்பாற்றியதே நடுவர்தாம் என்பது எதிர்க்கட்சி. அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் மோதி, மூவர் தாளிலும் 116–112 என உசிக் வென்ற பின்னும் இவ்வழக்கு முடிந்தபாடில்லை.

இனி, நடக்க விரும்பும் சண்டைகளைப் பார்ப்போம். பட்டம் வழங்கும் அமைப்புகள் நான்கு. ஒளிபரப்பும் நிறுவனங்களும் ஏற்பாட்டாளர்களும் தனித்தனி. ஆகவே ரசிகர் கேட்டதெல்லாம் உரிய காலத்தில் கிடைப்பதில்லை. மேவெதரும் பக்கியாவோவும் 2010இல் மோதவேண்டும் என்று உலகமே கேட்டது. இரத்தப் பரிசோதனை பற்றிய பிணக்கினால் அப்பேச்சு முறிந்தது. இறுதியில் 2015 மே 2 அன்று லாஸ் வேகாசில் அவர்கள் சந்தித்தபோது ஒருவருக்கு வயது 38, மற்றவருக்கு 36. பக்கியாவோவின் வலத்தோள் முன்பே பழுதுபட்டிருந்தது சண்டைக்குப் பின்னரே வெளிவந்தது. மேவெதர் வென்றார். ஆறிய சோறு என்றுதான் பலரும் சொன்னார்கள்.

ஆறிய சோற்றையாவது உண்ணலாம். நான் விரும்பிக் கேட்ட சண்டை ஒன்று உண்டு. அதைச் சொல்லவே உண்மையில் இங்கு வந்தேன்.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் தம் பழைய நண்பர் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை புரிந்தார். நான் அப்போது கல்லூரி மாணவன். அலி முந்திய ஆண்டே ஓய்வு பெற்றிருந்தார். ஆயினும் அவர் மீண்டு வரவேண்டும், பட்டம் தாங்கிய லாரி ஹோம்ஸைச் சந்திக்கவேண்டும் என்று விடுதியில் நாங்கள் இரவெல்லாம் பேசினோம். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலிக்குப் பயிற்சித் துணைவராக இருந்தவர். "குருவின் முன் சீடன் நிற்பானா?" என்று நானே முழங்கினேன். அலியின் மருத்துவர் பசேகோ, ஓய்வு பெறுமாறு வற்புறுத்தியும் பயனில்லாமல் 1977இலேயே அவரைவிட்டு விலகியிருந்தார் என்பதை அன்று நான் அறியேன். அறிந்திருந்தாலும் கேட்டிருப்பேனோ, ஐயமே.

எங்களைப்போல் உலகெங்கும் கோடிப்பேர் கேட்டனர், கேட்டது கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், லாஸ் வேகாசில், முப்பத்தெட்டு வயது அலி பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். ஒரு சுற்றையேனும் எந்த மதிப்பீட்டாளரும் அவருக்குத் தரவில்லை. பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் டண்டீ சண்டையை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் கண்ணீர் விட்டார் என்பர். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் கண்டனர். பிற்காலத்தில் நடுங்கும் அக்கைகளைப் படத்தில் காணும்போதெல்லாம், அவ்விடுதி அறையும் அங்கே ஒலித்த என் குரலும் நினைவுக்கு வரும்.

இதைத் திண்ணையில் ஒருநாள் சொன்னேன். சிறிதுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "ஐயா, தாங்கள் யாரையும் மோதவிட விரும்பவேண்டாம். அந்த ரியாத் சண்டைக்குத் தங்கள் மதிப்பெண் என்ன, அதைச் சொல்லுங்கள்" என்றான். உள்ளே சென்று தாளை எடுத்து வந்தேன். பன்னிரண்டு சுற்றுகளையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்: உசிக்குக்கு 115, ஃபியூரிக்கு 112.

"ஏழாவது சுற்றை அவருக்கு எப்படித் தரலாம்?" என்று எதிர்க்கட்சி எழுந்தது.